மலைநாட்டுக் குளிரில் ஆமைக்குஞ்சு வளருமா?

கலஹாப் பக்கத்துப் பாடசாலை ஒன்றில் பேசிவிட்டுப் புறப்படும்போது, தரம் ஐந்து படிக்கிற பிள்ளை ஒருத்தி பின்னாலேயே ஓடி வந்தாள். "சேர், கொழும்புல இருக்கிற மாமா எனக்கு ஆமைக்குஞ்சு ஒண்ணு கொண்டாந்து தாரேன்னு சொன்னாரு. முதுகுல நட்சத்திரம் நட்சத்திரமா இருக்குமாம். வீட்டுல வச்சு வளக்கலாமா சேர்? அதுக்கு என்ன சாப்பாடு குடுக்கணும்?" என்று ஒரே மூச்சில் கேட்டாள். பஸ் வந்து நின்றுவிட்டது. "விரிவா எழுதுறேன் மகள்" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். அந்தப் பதில்தான் இது. அவளுக்கு மட்டுமல்ல, ஆமைக்குஞ்சு மேல் ஆசை வைத்திருக்கிற எல்லாப் பிள்ளைகளுக்கும்.

முதுகில் நட்சத்திரம் என்று சொன்னவுடனேயே அது எந்த ஆமை என்று தெரிந்துவிட்டது. நட்சத்திர ஆமை. இலங்கையில் கடலாமைகளை விட்டுவிட்டால் சொந்தமாக மூன்று வகை ஆமைகள் உண்டு. வயலிலும் குளத்திலும் வாழ்கிற பாலாமை ஒன்று. ஓடை, குளம், சதுப்பு நிலம் என்று திரிகிற கறுப்பு ஆமை இன்னொன்று. இந்த இரண்டும் தண்ணீரை விட்டு அதிக தூரம் போகாதவை. மூன்றாவதான நட்சத்திர ஆமை முழுக்க முழுக்கத் தரையில் வாழ்வது. யால, புந்தல, வில்பத்து போன்ற உலர் வலயத்துப் புல்வெளிகளும் முட்புதர்களும்தான் அதன் ஊர். இந்தியாவில் தமிழ்நாடு, ஆந்திரா, குஜராத், ராஜஸ்தான் பக்கங்களிலும், பாகிஸ்தானின் சிந்து மாகாணத்திலும் அது இருக்கிறது. இந்த இடங்கள் எல்லாவற்றிலும் வெயில் அதிகம், மழை சில மாதங்களுக்கு மட்டும்.

இப்போது கலஹாவை நினைத்துப் பாருங்கள். காலையில் மூடுபனி, பின்னேரம் மழை, இரவில் கம்பளி. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் இலங்கையின் முதலாவது தேயிலைத் தோட்டத்தைப் போட்ட லூல்கந்துர உங்கள் ஊருக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. குளிரும் மழையும் உள்ள மலைச்சரிவு தேயிலைக்கு நன்றாகப் பிடித்துக்கொண்டது. தேயிலைக்குப் பிடித்த அதே குளிரும் ஈரமும் நட்சத்திர ஆமையைக் கொன்றுவிடும். ஏன் என்று சொல்வதற்கு முன், அந்தக் குஞ்சைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம்.

முட்டையிலிருந்து வெளியே வருகிற நட்சத்திர ஆமைக்குஞ்சு ஏறத்தாழ 4 சென்ரிமீற்றர் நீளம்தான் இருக்கும். மூக்கு நுனியில் வெள்ளையாக ஒரு சின்ன முள் தெரியும். முட்டை ஓட்டை உள்ளிருந்து குத்தி உடைக்க அதுதான் கருவி. சில நாட்களில் மறைந்துவிடும். வயிற்றின் நடுவில் மஞ்சட்கரு ஒட்டியிருந்த தழும்பு இருக்கும். முதுகில் பெரிய தட்டுகள் மொத்தம் 13: நடுவில் வரிசையாக 5, இரண்டு பக்கமும் நான்கு நான்கு. பிறந்தபோது அந்தத் தட்டுகளில் முழு நட்சத்திரம் இருக்காது. மஞ்சள் நிறத்தில் வண்ணாத்திப்பூச்சி சிறகு விரித்தது போன்ற ஓர் அடையாளம்தான் இருக்கும். ஆமை வளர வளர ஒவ்வொரு தட்டின் ஓரத்திலும் புதிய பகுதி சேரும். அதோடு மஞ்சள் கோடுகளும் பிரிந்து பிரிந்து கூடி நட்சத்திரமாகும். காய்ந்த புல்லுக்குள் நிழலும் வெயிலும் கோடு கோடாக விழுகிற இடத்தில் அந்த ஆமை படுத்திருந்தால், பக்கத்தில் நின்றாலும் கண்ணுக்குத் தெரியாது. நமக்கு அழகாகத் தெரிகிற நட்சத்திரம் அதற்கு ஒளிந்துகொள்ள உதவுகிற வேஷம்.

தட்டில் உள்ள வளையங்களை எண்ணினால் ஆமையின் வயதைச் சொல்லிவிடலாம் என்று பலர் நம்புகிறார்கள். அது சரியல்ல. நன்றாகச் சாப்பாடு கிடைத்த காலத்தில் ஒரே வருடத்தில் பல வளையங்கள் வரும், பஞ்ச காலத்தில் ஒன்றும் வராமலும் போகும்.

அந்த ஓட்டை ஆமையிடமிருந்து கழற்ற முடியாது. சட்டையைக் கழற்றுவது போல ஆமை ஓட்டை விட்டு வெளியே வருவதாகக் கார்ட்டூன்களில் காட்டுகிறார்கள், நம்பாதீர்கள். ஆமையின் முதுகெலும்பும் விலா எலும்புகளும் அகன்று, ஒன்றோடொன்று சேர்ந்துதான் மேலோடு உண்டாகிறது. மேலோட்டில் மட்டும் ஏறத்தாழ 50 எலும்புகள் இருக்கின்றன. அதன்மேல், நம் நகம் எதனால் ஆனதோ அதே கெரட்டினால் ஆன தட்டுகள் மூடியிருக்கின்றன. ஓட்டில் நரம்பும் இரத்த ஓட்டமும் உண்டு. தொட்டால் ஆமைக்குத் தெரியும். ஓட்டின் ஓரத்தில் ஓட்டை போட்டுக் கயிறு கட்டுகிறவர்கள், முதுகில் பெயின்ற் அடிக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். உயிருள்ள எலும்பில் துளை போடுகிறோம் என்று தெரிந்தால் எந்தப் பிள்ளையும் அதைச் செய்யாது.

ஓட்டின் வடிவத்தைப் பற்றி ஒரு நல்ல கதை இருக்கிறது. தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மையை எப்படித் தள்ளினாலும் எழுந்து நின்றுவிடும், தெரியும்தானே? அதன் அடியில் பாரம் வைத்திருப்பதுதான் ரகசியம். அடியில் தனியாகப் பாரம் எதுவும் வைக்காமல், உள்ளே குழியும் இல்லாமல், எல்லா இடமும் ஒரே மாதிரியான பொருளால் செய்த ஒரு வடிவம், வெறும் வடிவத்தின் பலத்தால் மட்டும் அப்படி எழுந்து நிற்குமா? 1995இல் ரஷ்யக் கணித மேதை விளாதிமிர் ஆர்னோல்ட் இப்படி ஒரு வடிவம் இருக்கலாம் என்று கருத்துச் சொன்னார். ஹங்கேரியைச் சேர்ந்த காபோர் டொமோகோஸ், பீற்றர் வார்க்கோன்யி என்ற இருவரும் பல வருடம் தேடினார்கள். கடற்கரைக் கூழாங்கற்கள் ஏறத்தாழ 2000ஐ ஒவ்வொன்றாகச் சோதித்தும் பார்த்தார்கள். ஒன்றும் அகப்படவில்லை. கடைசியில் 2006இல் கணக்கின் மூலம் அந்த வடிவத்தைக் கண்டுபிடித்துச் செய்தார்கள். அதற்குக் கோம்பொட்ஸ் என்று பெயர். எப்படி வைத்தாலும் மெல்ல உருண்டு, புரண்டு, ஒரே ஒரு நிலையில் வந்து நிற்கும்.

அதைச் செய்து முடித்தவுடன் அவர்களுக்கு ஒரு சந்தேகம் வந்தது. இந்த வடிவத்தை எங்கேயோ பார்த்திருக்கிறோமே? புடாபெஸ்ட் நகரத்தில் மிருகக்காட்சிசாலை, நூதனசாலை, செல்லப்பிராணிக் கடை என்று போய் ஆமை ஓடுகளை அளந்தார்கள். 2008இல் முடிவை வெளியிட்டார்கள். தட்டையான ஓடுள்ள நீர் ஆமைகள் மல்லாக்க விழுந்தால் நீண்ட கழுத்தை நிலத்தில் ஊன்றி எழும்புகின்றன. உயரமான ஓடுள்ள தரை ஆமைகளுக்குக் கழுத்து குட்டை, கால் குட்டை. அவற்றுக்கு ஓட்டின் வடிவமே பாதி வேலையைச் செய்துவிடுகிறது. காலை இரண்டு தடவை உதைத்தால் போதும், உருண்டு நிமிர்ந்துவிடும். கோம்பொட்ஸ் வடிவத்துக்கு மிகக் கிட்ட வருகிற ஓடு நம் நட்சத்திர ஆமையின் ஓடுதான். மனிதர் பல வருடம் தேடிய ஒரு வடிவத்தை, முட்புதருக்குள் திரிகிற ஓர் ஆமை எத்தனையோ லட்சம் வருடங்களாகச் சுமந்து திரிகிறது. இதைப் படித்த நாளிலிருந்து எனக்கு அந்த ஆமை மேல் இருந்த மரியாதை இன்னும் கூடிவிட்டது.

அருமையான அந்த ஓட்டுக்கு ஒரு விலையும் இருக்கிறது. நாம் மூச்சு விடும்போது விலா எலும்புகள் விரிந்து சுருங்குகின்றன. ஆமையின் விலா எலும்புகள் ஓடாகிவிட்டதால் அவை அசையாது. கால்களின் அடியிலும் வயிற்றுப் பக்கத்திலும் உள்ள தசைகளை இழுத்தும் தள்ளியும்தான் ஆமை மூச்சு விடுகிறது. நமக்குச் சளி பிடித்தால் பலமாக இருமி வெளியே தள்ளிவிடுகிறோம். ஆமையால் அப்படி இரும முடியாது. நுரையீரலுக்குள் சளி சேர்ந்தால் சேர்ந்ததுதான். மூக்கில் சின்னச் சின்ன குமிழி, வாயைத் திறந்து மூச்சு, மூச்சோடு கீச்சென்ற சத்தம், கண் வீக்கம் இதெல்லாம் தெரிந்தால் அதற்கு நிமோனியா வந்துவிட்டது என்று சந்தேகப்பட வேண்டும்.

குளிர் எங்கே கெடுதல் செய்கிறது என்று இப்போது பாருங்கள். ஆமைக்கு உடம்புக்குள்ளே சூடு உண்டாக்கும் வசதி இல்லை. வெயிலில் படுத்துத்தான் சூடேற வேண்டும். உடம்பு சூடானால்தான் பசிக்கும், சாப்பிட்டது செரிக்கும், நோயோடு போராடும் சக்தியும் வரும். நட்சத்திர ஆமைக்குப் பகலில் 30 பாகை செல்சியசுக்கு மேல் சூடான ஓர் இடம் வேண்டும், இரவிலும் கடுங்குளிர் ஆகாது. கலஹா வீட்டின் சீமெந்துத் தரையில் மார்கழி, தை இரவுகளில் அதை விட்டுவைத்தால் என்ன ஆகும்? சாப்பிடாது, அசையாது. "தூங்குது" என்று வீட்டில் சொல்வார்கள். ஐரோப்பாவின் சில தரை ஆமைகள் குளிர்காலம் முழுவதும் உண்மையிலேயே உறங்கும். நட்சத்திர ஆமைக்கு அந்தப் பழக்கம் கிடையாது. அது தூங்கவில்லை, சாகத் தொடங்கியிருக்கிறது.

குளிர்கால உறக்கம் என்று சொன்னதும் டிமோதி ஞாபகம் வருகிறது. இங்கிலாந்தில் செல்போர்ன் என்ற சிற்றூரில் கில்பர்ட் வைட் என்ற பாதிரியார் இருந்தார். இயற்கையை உற்றுப் பார்த்து எழுதுவதில் அவரைப் போல ஒருவர் அபூர்வம். அவருடைய அத்தை ஏறத்தாழ 40 வருடம் வளர்த்த ஆமை 1780இல் அவர் கைக்கு வந்தது. அதுதான் டிமோதி. வைட் அதைக் கொஞ்சி விளையாடவில்லை. பார்த்தார், எழுதினார். பாரவண்டிச் சக்கரம் ஏறினாலும் தாங்கக்கூடிய ஓடு இருந்தும், மழைத்துளி விழுந்தவுடன் அது ஓடிப் போய் ஒளிவதைக் கவனித்தார். இலையுதிர் காலத்தில் வெயில் குறைந்ததும் அது தோட்டத்து மதிலோரம் போய், ஓட்டை மதிலில் சாய்த்து, சரிவாக நின்று, கிடைக்கிற கொஞ்ச வெயிலையும் முழுவதாக வாங்கிக்கொள்வதைக் கண்டார். தனக்கு இத்தனை வருடம் சாப்பாடு போட்ட அந்த மூதாட்டியைக் கண்டால் மட்டும் அது தத்தித் தத்தி அவரை நோக்கி வருவதையும் எழுதினார். ஆமைக்கு ஒன்றும் புரியாது என்கிறவர்கள் இதை யோசிக்க வேண்டும். வைட் 1793இல் இறந்தார், டிமோதி அடுத்த வருடம் இறந்தது. அதன் பிறகுதான் அது பெண் ஆமை என்று தெரியவந்தது. அதன் ஓடு இன்றும் லண்டன் இயற்கை வரலாற்று நூதனசாலையில் இருக்கிறது.

ஆணா பெண்ணா என்ற விஷயத்திலும் வெப்பம்தான் தீர்ப்புச் சொல்கிறது. தாய் நட்சத்திர ஆமை பின்காலால் குழி தோண்டி, காய்ந்த மண்ணைத் தன் சிறுநீரால் நனைத்து, சில முட்டைகள் இட்டு மூடிவிட்டுப் போய்விடும். அடைகாப்பது கிடையாது. கொஞ்சம் குளிர்ச்சியான மண்ணில் இருந்த முட்டைகளிலிருந்து ஆண் குஞ்சுகளும், கூடுதல் சூடான மண்ணில் இருந்தவற்றிலிருந்து பெண் குஞ்சுகளும் வரும்.

வெயில் சூட்டுக்காக மட்டுமா? இல்லை. சூரிய ஒளியில் கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிர் இருக்கிறது. அதில் பி வகைக் கதிர் தோலில் பட்டால்தான் ஆமையின் உடம்பு விற்றமின் டி3 தயாரிக்கும். டி3 இருந்தால்தான் சாப்பாட்டில் உள்ள கல்சியம் எலும்புக்குப் போகும். ஆமையின் ஓடே எலும்பு என்று பார்த்தோமே. அறைக்குள்ளேயே அடைபட்டு வளர்கிற குஞ்சின் ஓடு மெதுமெதுவென்று ஆகிவிடும், அழுத்தினால் அமுங்கும், கால் வளைந்து நடக்க முடியாமல் போகும். "யன்னலோரம் வெயிலில்தானே வைத்திருக்கிறோம்" என்று சிலர் சொல்வார்கள். கண்ணாடி வெளிச்சத்தை விடும், சூட்டையும் விடும். அந்தப் பி வகைக் கதிரை மட்டும் தடுத்துவிடும்.

ஈரத்தைப் பற்றி ஒரு கேள்வி உங்களுக்கு வரலாம். சில வளர்ப்பு ஆமைகளின் முதுகில் ஒவ்வொரு தட்டும் கூம்பு மாதிரி மேலே எழும்பி நிற்கும். முன்பு எல்லோரும் புரதச் சத்து கூடியதால்தான் இப்படி ஆகிறது என்று நினைத்தார்கள். 2003இல் வியன்னாவில் இரண்டு ஆய்வாளர்கள் 50 ஆபிரிக்க ஆமைக்குஞ்சுகளை ஐந்து மாதம் வளர்த்துப் பார்த்தார்கள். காற்றில் ஈரம் குறைவாக இருந்த பெட்டிகளில்தான் கூம்பு பெரிதாக வந்தது. புரதத்தின் பங்கு சிறிதுதான். காட்டிலே குஞ்சு ஆமை பகல் முழுவதும் வெட்டவெளியில் நிற்பதில்லை. புல்லின் அடியில், இலைக்குப்பைக்குள், மண் ஈரமான இடத்தில் புகுந்துகொள்ளும். ஆகவே குஞ்சுக்கு ஈரம் வேண்டும்.

"அப்ப எங்கட ஊரு மூடுபனி நல்லதுதானே சேர்?" என்று அந்தப் பிள்ளை கேட்பாள், எனக்குத் தெரியும். இல்லை மகள். குஞ்சுக்கு வேண்டியது சூடான ஈரம். உலர் வலயத்தில் பருவமழை பெய்யும்போது நட்சத்திர ஆமைகள் சந்தோஷமாக வெளியே வந்து திரியும், அந்த மழை வெப்பமான நிலத்தில் விழுகிற மழை. குளிர்ந்த ஈரம் நேரே நுரையீரலுக்குப் போகிறது.

இனிச் சட்டத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். நம் நாட்டில் 1937இல் வந்த தாவர, விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் 2009இல் மேலும் கடுமையாக்கப்பட்டது. நட்சத்திர ஆமை, கறுப்பு ஆமை, பாலாமை மூன்றும் அதன் பாதுகாப்பில் உள்ளவை. அவற்றைப் பிடிப்பதும், வாங்குவதும், விற்பதும், வீட்டில் வைத்திருப்பதும் குற்றம். உலக மட்டத்திலும் அப்படித்தான். ஆபத்தில் உள்ள உயிரினங்களின் வர்த்தகத்தைக் கட்டுப்படுத்துகிற சைட்டிஸ் மாநாடு 2019இல் கொழும்பில் நடக்கவிருந்தது. அந்த வருடம் உயிர்த்த ஞாயிறு அன்று நடந்த குண்டுத் தாக்குதல்களால் அது ஜெனீவாவுக்கு மாறியது. அந்த மாநாட்டில்தான் நட்சத்திர ஆமை ஆகக் கூடிய பாதுகாப்புள்ள முதலாவது பட்டியலுக்கு உயர்த்தப்பட்டது. அதைக் கேட்ட நாடுகளில் இலங்கையும் இந்தியாவும் இருந்தன.

ஏன் இவ்வளவு கடுமை? தென்னிந்தியாவில் ஒரே ஓர் இடத்தை மட்டும் மையமாக வைத்து ஆய்வு செய்தவர்கள், ஒரு வருடத்தில் குறைந்தது 55,000 நட்சத்திர ஆமைகள் காட்டிலிருந்து பிடிக்கப்பட்டதாக 2015இல் எழுதினார்கள். பெரும்பாலும் குஞ்சுகள். கால் அசையாதபடி ஒட்டுநாடா சுற்றி, காலுறைக்குள் திணித்து, பயணப் பைக்குள் அடுக்கிக் கடத்துகிறார்கள். தண்ணீர் இல்லை, காற்று இல்லை. வழியிலேயே பல செத்துவிடும். எங்கள் கடற்பரப்பில் படகுகளில் கடத்திய ஆமைகளையும் கடற்படையினர் பலமுறை பிடித்திருக்கிறார்கள். கடைக்காரன் கையில் அழகாக உட்கார்ந்திருக்கிற குஞ்சுக்குப் பின்னால் இந்தப் பயணம் இருக்கிறது. மாமாவுக்கு இது தெரிந்திருக்காது. ஆசையாக வாங்கித் தர நினைத்திருப்பார். நீங்களே மெல்ல எடுத்துச் சொல்லுங்கள்.

சில கடைகளில் கண்ணுக்குப் பின்னால் சிவப்புக் கோடுள்ள பச்சை நிறக் குஞ்சுகளையும் விற்கிறார்கள். அது அமெரிக்காவிலிருந்து வந்த நீர் ஆமை. குட்டியாக இருக்கும்போது கண்ணாடித் தொட்டியில் வைக்கலாம், பிறகு சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு வளர்ந்துவிடும், 20, 30 வருடம் வாழும். சலித்துப் போய் மகாவலியிலோ கண்டி வாவியிலோ விட்டுவிடுகிற எண்ணம் மட்டும் வரவே கூடாது. உலகின் மிக மோசமான 100 ஆக்கிரமிப்பு இனங்களின் பட்டியலில் அதுவும் ஒன்று. நம் கறுப்பு ஆமையின் இடத்தையும் சாப்பாட்டையும் அது பறித்துக்கொள்ளும்.

சட்டப்படி தரை ஆமை வளர்க்கக்கூடிய நாடுகளும் இருக்கின்றன. லண்டனில் இருக்கிற உங்கள் சித்தப்பாவின் மகன், அங்கேயே வளர்ப்பில் பிறந்த ஹெர்மன் ஆமைக்குஞ்சு ஒன்றைச் சான்றிதழோடு வாங்கி வளர்க்கலாம். அவனுக்குச் சொல்ல வேண்டியவை சில உண்டு. கண்ணாடித் தொட்டி வேண்டாம், ஆமைக்குக் கண்ணாடி புரியாது, நாள் முழுவதும் அதில் முட்டிக்கொண்டே நிற்கும். மேலே திறந்த மரப்பெட்டி நல்லது. ஒரு மூலையில் சூடு தருகிற விளக்கு, மறு மூலை குளிர்ச்சி. எங்கே போக வேண்டும் என்று குஞ்சே முடிவு செய்யட்டும். புற ஊதாக் கதிர் தரும் விளக்கும் தேவை. அது எரிந்துகொண்டிருந்தாலும் சில மாதங்களில் கதிரின் பலம் குறைந்துவிடும், குறித்த காலத்தில் மாற்றியே ஆக வேண்டும். தரையில் மண்ணும் தும்புத்தூளும் கலந்து போட்டு, ஒரு பக்கம் ஈரமாக வைத்து, ஒளிய ஒரு சின்ன மறைவு வைத்தால் போதும்.

வாரத்தில் சில தடவை, நாடி அளவுக்கு மட்டும் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றிய தட்டில் கால் மணி நேரம் விட வேண்டும். குஞ்சு மூக்கையும் சேர்த்துத் தண்ணீருக்குள் வைத்து, தொண்டை ஏறி இறங்க நீண்ட நேரம் குடிக்கும். அப்போதுதான் பின்பக்கமாகப் பற்பசை மாதிரி வெள்ளையாக ஒன்று வரும். பயப்பட வேண்டாம். தண்ணீரை வீணாக்காமல் கழிவை வெளியேற்ற ஆமை கண்ட வழி அது, யூரிக் அமிலம். வெள்ளைக் கழிவு மணல் போலக் கரகரவென்று இருந்தால் மட்டும் ஆமைக்குத் தண்ணீர் போதவில்லை என்று அர்த்தம்.

சாப்பாடு புல்லும் இலையும் பூவும்தான். செம்பருத்தி இலை, பூ, முருங்கை இலை எல்லாம் அதற்குப் பிடிக்கும். கணவாய் ஓட்டைச் சுரண்டிப் போட்டால் கல்சியம் கிடைக்கும். பசளி அதிகம் ஆகாது, அதிலுள்ள ஒட்சாலிக் அமிலம் கல்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். சோறு, பாண், பால், பிஸ்கட் எதுவும் கூடாது. பால் குடிக்கிற பிராணியே அல்ல அது. நல்ல சாப்பாடு என்ன செய்யும் என்பதற்கு ஜொனதன் சாட்சி. செயின்ற் ஹெலினா தீவில் இருக்கிற அந்த ராட்சத ஆமை 1832 அளவில் பிறந்தது என்று கணக்கிட்டிருக்கிறார்கள். 1886இல் எடுத்த படத்திலேயே அது முழு வளர்ச்சியோடு நிற்கிறது. முதுமையில் கண் தெரியாமல், மோப்பமும் போய், சரியாக மேய முடியாமல் அதன் அலகு மழுங்கி உதிரத் தொடங்கியது. மிருக வைத்தியர் ஜோ ஹொலின்ஸ் வாரந்தோறும் காய்கறியும் பழமும் கையால் ஊட்டத் தொடங்கினார். அந்த வயதிலும் அலகு மறுபடி கூர்மையாக வளர்ந்தது.

இன்னொன்றும் மறக்கக் கூடாது. ஆரோக்கியமாகத் தெரிகிற ஆமையின் உடம்பிலும் சல்மனெல்லா என்ற கிருமி இருக்கலாம். அது பிள்ளைகளுக்குக் கடுமையான வயிற்றோட்டத்தைத் தரும். ஓடு 4 அங்குலத்துக்குக் குறைவான ஆமைகளை விற்பதை 1975இல் அமெரிக்கா தடை செய்ததற்குக் காரணமே இதுதான். சின்னப் பிள்ளைகள் அவற்றை வாயில் வைத்துவிடுகிறார்கள். ஆமையைத் தொட்டால் சவர்க்காரம் போட்டுக் கை கழுவ வேண்டும். முத்தம் கொடுக்கக் கூடாது.

சரி, ஏற்கெனவே ஒரு வீட்டில் நட்சத்திர ஆமைக்குஞ்சு இருக்கிறது என்றால்? பயந்து போய் அதைத் தேயிலை மலையில் விட்டுவிடாதீர்கள், அங்கே அது பிழைக்காது. பெரியவர்களிடம் சொல்லி, வனஜீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் 1992 என்ற இலக்கத்துக்கு அழைக்கச் சொல்லுங்கள். அவர்கள் வரும்வரை காற்றுப் போகிற பெட்டியில் காய்ந்த இலையைப் போட்டு, குளிர் படாத இடத்தில் வையுங்கள், வெதுவெதுப்பான தண்ணீரைக் காட்டுங்கள். மூக்கில் குமிழி வந்தால் அதையும் அப்போதே சொல்லிவிடுங்கள். கலஹாவிலிருந்து பேராதனைக்கு இறங்குகிற பாதை பல்கலைக்கழகத்துக்குள்ளால்தான் போகிறது, அங்கே மிருக வைத்திய பீடத்துக்கு வைத்தியசாலையும் இருக்கிறது. ஓடையோரத்திலோ வயலோரத்திலோ கறுப்பு ஆமை ஒன்றைக் கண்டால் அதை எடுத்து வர வேண்டியதே இல்லை. பாதையில் வாகனம் மோதுகிற இடத்தில் நின்றால் மட்டும், ஒரு பெரியவரின் உதவியோடு, அது போய்க்கொண்டிருந்த பக்கத்திலேயே பாதையைக் கடத்தி விடுங்கள்.

ஆமை மேல் ஆசை உள்ள பிள்ளைகள் கில்பர்ட் வைட் செய்ததைச் செய்யலாம். அதற்கு ஆமை உங்களுடையதாக இருக்க வேண்டும் என்றில்லை. ஒரு கொப்பியும் பென்சிலும் எடுங்கள். பேராதனைப் பக்கம் போகும்போது மகாவலிக் கரையில் வெயில் காய்கிற ஆமை கண்ணில் பட்டால், எந்த நேரம், வெயிலா மழையா, எந்தப் பக்கம் திரும்பி நின்றது, எவ்வளவு நேரம் அசையாமல் இருந்தது என்று எழுதி, படமும் வரையுங்கள். அதை நம் பத்திரிகைக்கு அனுப்புங்கள். ஆமையை மட்டும் அது இருந்த இடத்திலேயே விட்டுவிட்டு வாருங்கள்.